பதினொன்றரையும் சுவரொட்டியும்

காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு வயது மகள் சோர்ந்தே கிடந்தாள் என்று துடியலூரில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். ரிசல்ட் போனுக்கு வந்தது. ஹீமோகுளோபின் பதினொன்றரை, பக்கத்தில் 13 முதல் 17 வரை இருக்க வேண்டும் என்று போட்டு, பதினொன்றரையை மட்டும் அழுத்தமான கறுப்பில் அடித்திருந்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். கறுப்பு என்றால் கெட்டது என்பது மட்டும் புரிந்தது. டாக்டர் ஊரில் இல்லை, வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மகள் தூங்கும்போதெல்லாம் கீழ் இமையை இழுத்து, சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தேன்.

கணவர் செய்த காரியம், அதை அவர் அக்காவுக்கு அனுப்பியது. அந்த அக்கா, என் நங்கை, மறுநாள் காலையிலேயே தூக்குப்போசியோடு வந்து நின்றார். உள்ளே சுவரொட்டி, ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊறுமாம்.

"உங்கூட்டுப் பக்கம் எல்லாருமே சோகை புடிச்ச ஒடம்புதான அம்மணி" என்றார், சிரித்துக்கொண்டே. கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் வந்தார். மூக்கைப் பிடித்து ஊட்டினார். போசியைக் கண்டாலே மகள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஓடுவாள். ரத்தம் குறைவு என்ற பயத்தில், ஊட்டும்போது அவள் கைகளைப் பிடித்துக்கொண்டது நான். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு நங்கை மேல் ஆத்திரம்.

டாக்டர் வந்ததும் போனை நீட்டினேன். பதிமூன்றிலிருந்து பதினேழு வளர்ந்த ஆண்களுக்கு, இந்த வயதுக்குப் பதினொன்றரை தாராளம் என்றார். காய்ச்சல் சோர்வு தானே போகும். குழந்தை ரத்தம் என்று தெரிந்தும் ஆம்பளைக் கணக்கை அடித்து அனுப்புவார்களா என்று கேட்டேன். லேபில் போய்க் கேளுங்கள் என்று அடுத்த டோக்கனை அழைத்தார்.

கூடவே வந்திருந்த நங்கை, வாசலிலேயே யாருக்கோ போன் போட்டார். "சுவரொட்டி தின்னதுல ரத்தம் ஏறிப்போச்சுங்க."

"நங்கை, டாக்டர் பாத்தது சுவரொட்டிக்கு முந்தி எடுத்த ரத்தமுங்க" என்றேன்.

"அப்ப இப்ப இன்னும் ஏறியிருக்குமல்ல" என்றார்.

மறுநாளும் போசி வந்தது. மகள் ஓடினாள். நான் வாங்கித் தட்டில் கொட்டி, நங்கை பார்க்கக் கணவர் முன்னால் வைத்தேன்.

"பதிமூணு வேணுங்கறது உங்களுக்குத்தானுங்க. சாப்பிடுங்க."

கடைசித் துண்டு உள்ளே போகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.