பதினொரு பங்கர்

பெங்களூரில் எங்காவது தெருவைத் தோண்டாத வாரம் கிடையாது. கேபிள், குழாய், சாக்கடை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே வெட்டியிருக்கும் குழியை எல்லோரும் ஸ்கூட்டரை வளைத்துக் கடந்துபோகிறார்கள். என் அக்கா மட்டும் நின்று பார்ப்பார். போன மாதம் ஒருநாள் குனிந்து, ஓரத்துச் செம்மண்ணை விரலால் அழுத்திப் பார்த்து, "நல்ல மண், சரியாது" என்றார். வேலை செய்துகொண்டிருந்த தருமபுரிக்காரர் அவரை மாநகராட்சி ஆளென்று நினைத்துவிட்டார். சாயந்திரத்துக்குள் மூடிவிடுகிறோம், கம்ப்ளெயின்ட் எழுதாதீங்க மேடம் என்று கெஞ்சினார். அக்கா ஆழத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

இலங்கையில், எங்கள் ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பங்கர் என்பது ஷெல்லடிக்குப் பயந்து குடும்பங்கள் தாங்களே வெட்டிக்கொண்ட பதுங்குகுழி. கடைசிப் போரில் அக்கா குடும்பம் கிளிநொச்சியில் இருந்து கிழக்கே, கடற்கரை வரை இடம்பெயர்ந்துகொண்டே போனது. தங்கிய இடமெல்லாம் ஒரு குழி. மொத்தம் பதினொன்று. அக்காவிடம் தேதிகள் இல்லை, குழிகளின் வரிசைதான் இருக்கிறது. நாலாவதில் மகளுக்குக் காய்ச்சல். ஆறாவதில் பாம்பு. ஏழாவதை வெட்டிக்கொண்டிருந்தபோது அத்தான் ஷெல் பட்டு இறந்தார். அரைவாசி வெட்டிய அந்தக் குழியிலேயே அவரை மூடிவிட்டு, தாயும் மகளும் நடந்தார்கள். எட்டாவதில் இருந்து கடல்மணல், வெட்ட வெட்டச் சரியும். சேலைகளைக் கிழித்துப் பைகள் தைத்து, மணல் நிரப்பிச் சுவராக அடுக்கினார்கள். நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். அந்தப் போரை ஏஜென்சிச் செய்திகளில் மட்டும் வாசித்தேன்.

அந்த மகள் இப்போது வேறொரு நாட்டில் குடியேறிவிட்டாள். அவளிடம் போய்ச் சேர அக்கா விண்ணப்பித்தார். வைத்தியத்துக்காக எடுத்த இந்திய விசா முடிவதற்குள் அனுமதி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் தனியாக வன்னிக்குத் திரும்ப வேண்டும். போரில் நடந்ததை எழுதித் தரும்படி அந்த நாட்டு அதிகாரிகள் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் பத்திரிகையில் பிரதி திருத்தியவன் நான். எழுத என்னைவிட யார் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்தேன்.

பதினொரு குழிகளை எந்த வாசகரும் தாங்கமாட்டார் என்பது என் முதல் எண்ணம். மூன்றாக்கினேன்: வீட்டு முற்றத்தில் ஒன்று, வழியில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. அத்தானின் மரணத்தை முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன். கிழிந்த சேலைகளும் அவருடைய சாவும் ஒரே காட்சியில் வந்தால் வலுவாக இருக்கும் என்று, அவரைக் கடற்கரையில், மூன்றாவது குழியருகே இறக்கவைத்தேன். பொய் எழுதுவதாக நினைக்கவில்லை. இடம் குறைவாக இருக்கும் பக்கத்துக்குச் செய்தியைச் சுருக்குவதுபோல அதைச் செய்தேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுதார். "வடிவா எழுதியிருக்கிறாய்" என்று கையெழுத்திட்டார்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. மொழிபெயர்த்தவர் சென்னைக்காரப் பெண், மரியாதையானவர். கணவர் எங்கே இறந்தார் என்று அதிகாரி கேட்டார். "ஏழாவது பங்கரில்" என்றார் அக்கா. மொழிபெயர்ப்பாளர் தாளைப் பார்த்துவிட்டு, "மூணாவதுன்னு இருக்குங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்து, அக்கா விரல் மடக்கிப் பதினொன்றையும் இடத்தோடு சொன்னார். அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

சொன்னதும் எழுதியதும் முரண்படுவதால் நம்ப இயலவில்லை என்று மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மேல்முறையீட்டில் அக்காவை இன்னும் ஒருமுறை பேச விடுவார்கள். வக்கீலிடம் போனேன். வாக்குமூலத்தை இப்போது மாற்றினால் அது இன்னொரு முரணாகிவிடும், எழுத்தில் இருப்பதையே அவர் சொல்லட்டும் என்றார். பிழை என்னுடையது என்று எழுதித் தருகிறேன் என்றேன். "கையெழுத்து அவங்களோடது சார்" என்றார். ஒரு செய்தி தவறாகப் போனால் மறுநாள் நாலாம் பக்கத்தில் திருத்தம் போடுவோம். நான் பழகியிருந்த உலகம் அது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"எந்த எட்டுப் பங்கரை விடோணும் எண்டு சொல்லு தம்பி. பாடமாக்கிறன்."

சொன்னேன். ஏழாவதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இப்போது தினமும் காலையில் சமையலறையில் நின்றபடி ஒப்பிக்கிறார். அவர் பேச்சில் ஒருநாளும் வராத தமிழ் அது, என் பத்திரிகைத் தமிழ். "எனது கணவர் கடற்கரையில் உயிரிழந்தார்." அந்த வரி வரும்போது குரல் நின்றுவிடும். பிறகு முதலில் இருந்து தொடங்குவார். நான் பக்கத்து அறையில் தாளைப் பிடித்துக்கொண்டு சரிபார்க்கிறேன்.

மேல்வீட்டு ஸ்டெல்லா, ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவர், நேற்று படியில் என்னை நிறுத்தினார். அக்கா வந்தபோது பேசுவது அவருக்குப் பாதி புரியாதாம், இப்போது எல்லாம் நன்றாகப் புரிகிறதாம். "டெய்லி ஒரே டைமுக்கு ஜெபம் பண்றாங்க போலண்ணா? வார்த்தை கூட மாறல. கேக்கவே நல்லா இருக்கு."

ஆமாம் என்றேன்.