சிவன்மலை அடிவாரம் வரை ஒரு மோரிஸ் மைனர்

திருச்சியில் காலை ஐந்தே முக்காலுக்குக் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். காங்கேயத்துக்கு டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். பனியனுக்குள் தைத்த பையில் பணம் இருந்தது. சட்டைப் பையில் செய்தித்தாளிலிருந்து கத்தரித்த விளம்பரம்: மோரிஸ் மைனர், முழுதும் புதுப்பித்தது, விற்பனைக்கு. "ஊரெல்லாம் மாருதி வாங்குது. நீங்க பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை வாங்கப் போறீங்க" என்று சொல்லித்தான் மனைவி வழியனுப்பினாள். அவள் அந்தக் காரைப் பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. இருபது வருடமாக அலுவலக ஜீப்பை ஓட்டித் தேய்ந்தவனுக்கு ஒரு சின்ன, அழகான வண்டியின் மேல் ஆசை வருவது பெரிய குற்றமில்லை.

கரூரில் பத்து நிமிடம் நின்றது. இட்லி கல், சட்னி நெருப்பு. வெள்ளகோவில் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. காவிரிக்கரைக்காரன் கண்ணுக்கு முதலில் எல்லாம் காய்ந்து கிடப்பதாகத்தான் தோன்றும். கண் பழகிய பிறகுதான் அழகு தெரியும். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், வேல மரத்து நிழலில் திமில் நிமிர்ந்த மாடுகள், களங்களில் வானம் பார்த்துக் காயும் தேங்காய்ப் பருப்பு. ஊர் நெருங்க நெருங்க எண்ணெய் ஆலைகளின் வாசம் பஸ்ஸுக்குள் ஏறி நம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது.

ஒன்பதேகாலுக்குக் காங்கேயம். பஸ் நிலையத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் அந்தக் கார் நின்றது. கரும்பச்சை நிறம். உருண்டை விளக்குகள், நடுவில் ஒரு தண்டு வைத்து இரண்டாகப் பிரித்த முன்கண்ணாடி, முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் போன்ற பம்பர். திரும்புவதைக் காட்ட மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னாலிருக்கும் தூணிலிருந்து ஒரு சின்ன ஆரஞ்சுக் கை எழுந்து நீளும், வேலை முடிந்ததும் மடங்கிக்கொள்ளும். நாலு பேர் டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் கையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்தாவது ஆளாகப் போய் நின்றேன்.

உரிமையாளர் சென்னியப்பன். அறுபது வயதிருக்கும். சலவை வேட்டி, தோளில் துண்டு. முதல் நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோதே, பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். "வாங்க சார், பஸ்ஸு சௌரியமா இருந்துச்சுங்களா?" என்று, நான் நின்ற இடத்துக்கு ஓரடி தள்ளிப் பார்த்து வரவேற்றார். பின் சீட்டில் அவர் மனைவி துளசிமணி இருந்தார். என்னை முன்னால் உட்கார வைத்தார்கள்.

தோட்டம் சிவன்மலைக்கு அந்தப் பக்கம் நாலு கிலோமீட்டர். சென்னியப்பன் ஓட்டினார். எஞ்சின் சத்தம் இதமாக இருந்தது. பின்னாலிருந்து துளசிமணி ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். "ஏனுங்க, முன்னால சோளத்தட்டு ஏத்திக்கிட்டு ஒரு வண்டி போகுதுங்க. பால்காரரு சைக்கிள்ல எதுக்க வாராருங்க. பாலத்துக்கிட்ட ரோடு குறுகுதுங்க." வெளியூர்க்காரனுக்கு வழியெல்லாம் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் என் பக்கம் திரும்பி எத்தனை குழந்தைகள் என்று விசாரித்தார். அந்த ஒரு நிமிடத்தில் ரோட்டின் நட்டநடுவே ஒரு கன்றுக்குட்டி நின்றது. கார் வேகம் குறையவே இல்லை. நான் என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தேன். "கன்னுங்க!" என்றார் துளசிமணி. கார் அப்படியே நின்றது. கன்று எங்களைப் பார்த்துவிட்டு ஓரமாகப் போயிற்று.

"பிரேக்கு எப்படிங்க சார்?" என்றார் சென்னியப்பன், எனக்காகவே பிடித்துக் காட்டியவர் போல.

நன்றாக இருக்கிறது என்றேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் அவர் கைகால் கழுவப் போன நேரம் பார்த்து, துளசிமணி தண்ணீர்ச் சொம்போடு வந்து தணிந்த குரலில் சொன்னார். "கண்ணுல பிரஷருங்க சார். நெழலாட்டத்தான் தெரியுது. வண்டியவே தொடப்படாதுன்னு கோயமுத்தூர் டாக்டரு சொல்லிப்போட்டாரு. இவரு என்னன்னா, என்ற கண்ணுக்கென்ன கொறைன்னு கேக்கறாரு. நான் பின்னால உக்காந்து சொல்லிச் சொல்லித்தான் வண்டி ஓடுதுங்க. நான் இல்லாத ஒரு நாளைக்கு எடுத்தாருன்னா?" விற்பதற்குக் கணவர் ஒத்துக்கொண்டு விளம்பரமும் கொடுத்தாயிற்று, ஆனால் வாங்க வந்த இரண்டு பேரையும் வயிறாரச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "நீங்களாச்சும் இன்னைக்கே ஓட்டிக்கிட்டுப் போயிருங்க சார்."

கார் வாங்க வந்தவன், காரை அந்த வீட்டிலிருந்து கிளப்ப வேண்டியவனாக ஆகிவிட்டேன். விலை சரிப்படாவிட்டால் கைவீசிக்கொண்டு திரும்பலாம் என்று வைத்திருந்த சௌகரியம் போயிற்று.

சாப்பாடு அரிசிம்பருப்பு சாதம். மேலே நெய் ஊற்றுகிறார்கள், போதும் என்றால் இன்னும் ஊற்றுகிறார்கள். கூடவே தயிரும் பொரித்த அப்பளமும். முந்தைய இரண்டு பேரும் எப்படி வாயடைத்துப் போனார்கள் என்பது மூன்றாவது கரண்டி நெய்யில் எனக்குப் புரிந்தது.

பிறகு கொட்டகையில் சென்னியப்பன் காரைக் காட்டினார். பார்ப்பதென்றால் அவருக்குத் தடவுவதுதான். ஒரு மில் குடோனில் கோழி அடைந்து கிடந்த வண்டியாம். தரைத் தகடு மொத்தமும் துருவேறி உதிர்ந்திருக்கிறது. புதுத் தகடு வெட்டி வைத்து, சீட்டுக்குத் தோல் தைத்து, எஞ்சினை இறக்கி ஏற்றி, மூன்று வருடம் கோயமுத்தூர்ச் சிங்காநல்லூருக்கும் வீட்டுக்கும் அலைந்திருக்கிறார். "ஸ்பேர் பார்ட்டுக்கு லண்டனுக்கு எழுதிப் போடோணுமான்னு கேட்டாங்க. சிங்காநல்லூர் இருக்கறப்ப லண்டன் எதுக்குங்க?" என்று சிரித்தார். அங்கே லேத்துப் பட்டறையில் பழைய உதிரியைக் காட்டி, அதே போலக் கடைந்து வாங்கியிருக்கிறார். பானெட்டைத் திறந்தால் உள்ளே அவ்வளவு சுத்தம். எங்கள் வீட்டுச் சமையலறையைவிடச் சுத்தம் என்று சொன்னால் மனைவி கோபித்துக்கொள்வாள். ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை. கதவை விரலால் தள்ளினால் போதும், டப்பென்று கச்சிதமாக மூடிக்கொள்கிறது. உண்மையைச் சொன்னால், இவ்வளவு பிரியமாகச் செய்த ஒரு பொருளை நான் அதுவரை தொட்டதில்லை. வேலையெல்லாம் முடிந்து வர்ணமும் அடித்த பிறகுதான் கண் மங்க ஆரம்பித்ததாம். அதைத் துளசிமணிதான் சொன்னார். சென்னியப்பன் காதில் விழாதது போலக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விலை கேட்டேன். அதை வாயால் பேசுவது அங்கே வழக்கமில்லை. தோள் துண்டை எடுத்து எங்கள் இருவர் கைகளின் மேலும் போட்டார். மாட்டுச் சந்தையில் இப்படித்தான், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு விரலுக்குப் பத்தாயிரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். என் நாலு விரலைப் பிடித்தார். நான் எதிர்பார்த்து வந்த விலைதான், சரி என்றேன். உடனே ஐந்து விரலையும் பிடித்தார். அதற்கும் சரி என்றேன். விட்டுவிட்டு, ஐந்தும் பிறகு இரண்டும் பிடித்தார். நான் சரி சொல்லச் சொல்ல விலை ஏறியது. முகத்தில் மட்டும் அதே மரியாதைச் சிரிப்பு. இல்லை என்ற சொல்லை வாயால் சொல்லாமல் சொல்ல இந்த மனிதருக்கு இதுதான் வழி என்று எனக்கு மெல்ல விளங்கியது.

எனக்கு ஏற ஆரம்பித்த கோபம் வாய்க்கு வருமுன், துளசிமணி பக்கத்தில் வந்து துண்டுக்குள் தன் கையை நுழைத்தார். சந்தையில் பெண்ணின் கை துண்டுக்குள் போவதே கிடையாது. மூன்று கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. கணவர் விரல்களை எடுத்து, மெதுவாக, என் நாலு விரல்களின் மேல் வைத்து மூடினார். சென்னியப்பனின் பிடி ஒரு கணம் இறுகியது, ஆனால் அவர் கையை உதறவில்லை.

"சரிங்க" என்றார்.

கையெழுத்தெல்லாம் முடிந்ததும் டிக்கியைத் திறந்து, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அது வண்டியோடு சேர்ந்ததில்லையா என்று கேட்டேன். "மாட்ட வித்தாக் கயித்தக் குடுக்கறதில்லீங்க சார். குடுத்தா மாட்டுப்பட்டி வெளங்காது. இதுக்கு இதுதானுங்க கயிறு." பேட்டரி செத்தால் நடுரோட்டில் நான் என்ன செய்வது என்றேன். "புதுசுங்க" என்றவர், கொஞ்சம் யோசித்து, "இருந்தாலும் நிறுத்தறப்ப இறக்கமாப் பாத்து நிறுத்திக்கங்க" என்றார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். கை மாறும் வண்டியை மலையடிவாரத்தில் கற்பூரம் காட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று இருவரும் கூட வந்தார்கள். இப்போது ஸ்டீயரிங் என் கையில். சென்னியப்பன் இடப்பக்கம், ஹேண்டில் மடியில். துளசிமணி பின்னால், பழைய இடத்தில்.

கார் என்னமாய் ஓடியது! பஞ்சு போல கியர் விழுந்தது. ஆரஞ்சுக் கை என் ஒரு விரல் சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்து நீண்டது. ஜீப் ஓட்டிப் பழகிய என் முரட்டுக் காலுக்கே வெட்கமாக இருந்தது.

வளைவு வந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. "டெம்போ ஒண்ணு வருதுங்க. கெழக்க தேங்காக் களத்துல பொம்பளைங்க பருப்புக் கிண்டிக்கிட்டு..." பாதியில் நின்றுவிட்டது. இனிமேல் சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். எனக்குக் கண் தெரியும்.  

சென்னியப்பன் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "நிறுத்திப்போட்டியே, அம்மணி. சொல்லு. நானும் பாக்கோணுமில்ல."

துளசிமணி முன் சீட்டுப் பக்கம் சாய்ந்துகொண்டு, களத்தில் பருப்புக் கிண்டும் பெண்களில் ஒருத்தி சிவப்புச் சேலை என்றார். வேலியோரம் ரெண்டு மயில் என்றார். மலை மேல் மேகம் இறங்கியிருக்கிறது என்றார். நான் இருபது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை.

அடிவாரத்தில் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, எனக்கு விபூதி பூசிவிட்டார்கள். நான் காரை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தேன். இங்கிருந்து திருச்சிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர், பின் சீட்டில் ஆள் இல்லாமல் போக வேண்டும். கண்ணாடியில் கடைசியாகப் பார்த்தபோது, அவர்கள் சாமி கும்பிடப் படியேறிக்கொண்டிருந்தார்கள். காலையில் பஸ் நிலையத்தில் யார் கையையும் பிடிக்காமல் தனியாக நின்ற மனிதர், ஒரு கையில் ஹேண்டிலும் மறு கை மனைவியின் தோளிலுமாக ஏறினார். அந்த அம்மா ஒவ்வொரு படிக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.