மூட்டையில் திரும்பி வந்த வசம்பு மணி

போடியில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம் படித்தபோது என் மகன் தவழ ஆரம்பித்திருந்தான். பட்டம் வாங்க ஒரு ப்ராஜெக்ட் எழுத வேண்டும். வெளியூர்த் தேர்வாளர் வந்து கேள்வி கேட்பார். ஏலக்காய் வியாபாரி வீட்டு மருமகள் வேறு எதை எழுதுவாள்? ஏலத்துக்குக் காய் வரத்து கூடினால் விலை இறங்கும் என்று எழுதத் தொடங்கினேன். வரத்து கூடியது, விலை இறங்கவில்லை. நான்தான் எங்கோ தப்பு செய்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

அதற்கு நடுவில் இன்னொரு பயம். மாமனார் வாங்கி வரும் காயை அத்தையும் நானும் முறத்தில் கொட்டித் தரம் பிரிப்போம். அப்படி ஒரு நாள், மடியில் இருந்த மகனின் வசம்பு வளையல் அறுந்து மணிகள் சிதறின. பொறுக்கிக் கோத்தால் ஒன்று குறைந்தது. விழுங்கிவிட்டானோ? டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் நம்பவில்லை. பல நாள் அவன் மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். அந்தக் காயை மாமனார் ஏலத்தில் விற்றும்விட்டார்.

சில வாரம் கழித்து அவர் ஏலத்தில் எடுத்த மூட்டைகள் வந்தன. புது வரத்து என்று அதையும் ப்ராஜெக்டில் சேர்த்திருந்தேன். ஒன்றைப் பிரித்துக் கொட்டினேன். பச்சைக் காய்களுக்கு நடுவே, ஓட்டை போட்ட சின்ன வசம்புத் துண்டு.

முறத்தை விட்டு எழுந்துவிட்டேன். "அத்தே, இங்க பாருங்க!"

"அப்பாடா, புள்ள முழுங்கல," என்றார் அத்தை. "அதுக்கு ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"இது நாம வித்த காயி அத்தே!"

காபி குடித்துக்கொண்டிருந்த மாமனார் சிரித்தார். "வாங்குனவன் பிரிக்காமலே மறுபடி ஏலத்துல விட்டுருப்பான். நல்ல விலை வரும்னு ரெண்டு சுத்து விடுறதுதான். ஊருக்கே தெரியுமே ஆத்தா."

"எனக்குத் தெரியாதே மாமா. ஒவ்வொரு சுத்தையும் புதுக் காயின்னுல்ல எழுதி வச்சிருக்கேன்!"

மூன்று வருஷம் வரத்து, தேவை என்று படித்தவள், மலையிலிருந்து இறங்காத காயை இறங்கியதாக எழுதியிருக்கிறேன். அப்புறம் விலை எப்படி இறங்கும்? என் கையால் பொறுக்கிய காயே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பட்டம் போச்சு என்றே நினைத்தேன்.

"மாத்தி எழுதட்டுமா மாமா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தார் அவர். "எழுது. நம்ம வீட்டுக் காயின்னு மட்டும் சொல்லிறாத, ஏலத்துல நம்ம பேரு கெட்டுரும்."

எழுதினேன். தேர்வாளர் அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்தார்.

"அதே காய்தான் திரும்ப வருதுன்னு எப்படிச் சொல்றீங்க? யாராவது சொன்னதா?"

பலர் சொன்னார்கள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மாமனார் முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பர்ஸைத் திறந்து மணியை மேஜைமேல் வைத்தேன். எங்கள் வீட்டு முறத்தில் விழுந்தது, எங்கள் வீட்டுக்கே வந்தது என்று சொல்லிவிட்டேன்.

தேர்வாளர் அதை எடுத்து மோந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த எங்கள் காலேஜ் மேடத்திடம் நீட்டினார்.

"வசம்பு வாசமே இல்லையே மேடம்," என்றார். "ஏலக்காய்தான் மணக்குது."

மார்க் போட்டார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், மாமனாரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.