கண்டிப் புதினம்

எங்கடை மனுசிக்கு லீவுக்குப் போறதெண்டால் பிடியாது. போய்த் திரும்பி வாறதெண்டால் உயிர். நான் நீர்வேலியிலை பள்ளிக்கூட வாத்தியார். ரெண்டாம் உலகச் சண்டை துவங்க முந்தின காலம். ஆவணி லீவு விட்டால், கண்டியிலை கிளாக்கராய் இருந்த என்ரை தம்பி வீட்டை ரெண்டுபேரும் போவம். எங்களுக்குப் பிள்ளையள் இல்லை, வீட்டைப் பூட்டினால் பயணம். அங்கை போய்ச் சேந்த அடுத்த நாளே அவ துவங்கியிடுவா. தண்ணி விறைக்குது, சோறு காஞ்சு போச்சு, மழை ஓயுதில்லை, மாடு என்ன பாடோ. "இஞ்சருங்கோ, எப்ப போவம்?" எண்டு அரிச்செடுத்துப் போடுவா. "எடியேய், வந்த களையே ஆறேல்லை, கொஞ்சம் பேசாமல் இரன்" எண்டு நான் சீறுவன். என்ரை சீற்றத்துக்கு ஆர் பயம்?

திரும்பி வாற றெயில் கோச்சியிலை பாக்கவேணும் ஆளை. விடியப்புறம் ஆனையிறவு தாண்டி உப்புக்காத்து முகத்திலை அடிச்சால் சரி, யன்னலை விட்டு அரக்கமாட்டா. பளையிலை பனையளைக் கண்டவுடனை "அப்பாடா" எண்டு ஒரு பெருமூச்சு. வீட்டுப் படலை திறந்தால் ட்றங்குப்பெட்டி வைச்ச இடத்திலையே கிடக்கும். அவ கிணத்தடியிலை. துலாவை இழுத்து நாலு வாளி தலையிலை ஊத்திப்போட்டு, தலைமயிர் சொட்டச் சொட்ட வேலிக்குப் போவா.

எங்கடை வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவிலை பனையோலை வேலி. அதிலை ஒரு பொட்டு இருந்தது. ஓலையை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் குனிஞ்சு போய்வரலாம். எங்கடை ஊரிலை வேலிச் சண்டையிலை கோட்டுக்குப் போய்க் காணியையே வித்த ஆம்பிளையள் இருக்கினம். அதே வேலியிலை பொம்பிளையள் தங்கடை பாட்டிலை ஒரு பாதை போட்டு வைச்சிருப்பினம். பக்கத்து வளவுக்காரன் வாழைத்தோட்டம் செய்யிறவன். அவன்ரை பெண்சாதி துலாச் சத்தம் கேட்டவுடனை பொட்டாலை தலையை நீட்டும். "என்னக்கா, கண்டிப் புதினம்?"

பிறகு கேக்கவேணுமே! கண்டிச் செய்தி ஒண்டு பத்தாய்ப் பெருகும். நான் கண்டியிலை படியிலை சறுக்கி இருந்து எழும்பினனான் எண்டால், அவ சொல்லேக்கை நான் மலையிலையிருந்து உருண்டு குளத்தடிக்கு வந்திடுவன். அந்தப் பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கும். "உந்தப் பொய்யளுக்கு நாக்கு அழுகும்" எண்டு நான் சாய்வுக் கதிரையிலை கிடந்து கத்துவன். சும்மா சொல்லக்கூடாது, கண்டியிலை நிண்டதை விட அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறதுதான் எனக்கு லீவு. கதை முடிய, பொட்டாலை ஒரு சட்டி சோறு வரும். கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை. அண்டைக்கு எங்கடை குசினியிலை அடுப்பு எரியாது.

ஒரு மாசி மாசம் நெருப்புக் காய்ச்சல் வந்து அவ போயிட்டா. அதை விரிச்சுச் சொல்ல என்னாலை ஏலாது.

அந்த ஆவணியிலை தம்பி நேரிலை வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனான். கண்டியிலை எல்லாரும் என்னை நல்லாத்தான் பாத்தினம். நல்லாப் பாத்தால் இன்னும் கரைச்சல். எனக்கு முன்னாலை ஒருத்தரும் உரத்துச் சிரிக்கமாட்டினம். ஆனால் ஒரு நாள் குரங்கு ஒண்டு தம்பியின்ரை மூக்குக்கண்ணாடியைப் பறிச்சுக்கொண்டு பலாமரத்திலை ஏறிவிட்டுது. அவன் கீழை நிண்டு அதுக்கு இங்கிலீசிலை ஏசுறான், தமிழிலை கெஞ்சுறான். நான் சிரிச்ச சிரிப்பிலை எனக்குக் கண்ணீர் வந்தது. சிரிச்சு முடியத் திரும்பிப் பாத்தன், ஆருக்குச் சொல்லுறதெண்டு.

அந்த நாளிலையிருந்து வீட்டை போகவேணும் எண்டு ஆசை பிடிச்சுது. பொல்காவலையிலை கோச்சி மாறி ஏறினதிலையிருந்து அந்தக் கதையைத்தான் மனசுக்குள்ளை அடுக்கிக்கொண்டு வந்தன். எங்கை நிப்பாட்டவேணும், எங்கை குரங்கைப் பல்லிளிக்கச் செய்யவேணும் எல்லாம். பொட்டாலை அந்தப் பிள்ளை தலையை நீட்டும், புதினம் கேக்கும், நான் சொல்லுவன். ஒரு ஆளாவது சிரிச்சால் அது வீடு. பளையிலை பனையளைக் கண்டவுடனை எனக்கும் "அப்பாடா" எண்டு வந்திட்டுது. கோச்சிக்குள்ளை இருந்த ஆக்கள் திரும்பிப் பாத்தினம், வெக்கமாய்ப் போச்சு. ஆனால் சந்தோசமாய் இருந்தது, அதை ஏன் ஒளிக்கவேணும்.

ட்றங்குப்பெட்டியைப் போட்டுவிட்டு நேரை கிணத்தடிக்குப் போனன். துலாவை இழுத்துக் குளிச்சன். திரும்பினால், வேலி முழுக்கப் புது ஓலை.

அந்த வருசம் வேலி அடைக்கவேண்டியது என்ரை முறை. மனுசி போன துக்கத்திலை நான் கவனிக்கேல்லை, ஓலையள் உக்கிக் கொட்டுண்டு கிடந்தது. நான் இல்லாத நேரம் பக்கத்து வளவுக்காரன் தன்ரை ஓலையைக் கொண்டுவந்து, தானே கட்டி, ஒரு இடுக்கு விடாமல் அடைச்சிருக்கிறான். பொட்டு இருந்த இடத்திலை கையை வைச்சுத் தடவிப் பாத்தன். ரெட்டை ஓலை. அங்காலை தேங்காய் திருவுற சத்தம் நிண்டுது.

"வாத்தியார் வந்திட்டியளோ?"

"ஓம் பிள்ளை."

"இருங்கோ, சோறு கொண்டுவாறம்."

படலைக்கு நேரே போய்ப் பாத்துக்கொண்டு நிண்டன். ஒழுங்கையாலை சுத்தி வந்தினம். புருசன் முன்னுக்கு, தோளிலை சால்வை. அவள் பின்னுக்கு, கையிலை மூடின சட்டி. கலியாண வீட்டுக்கு வாற மாதிரி. "வேலியை ஒருக்காப் பாத்தியளோ வாத்தியார்? இனி மூண்டு வருசத்துக்கு அசையாது" எண்டான். பெரிய உதவியடா தம்பி எண்டன். பொட்டை ஏன் அடைச்சனி எண்டு கேக்க எனக்கு வாயில்லை. தனிய இருக்கிற ஆம்பிளையின்ரை வளவுக்குள்ளை ஒரு இளம்பெண் பொட்டாலை வந்து போனால் ஊர் என்ன கதை கட்டும்? அவன்ரை இடத்திலை நானெண்டாலும் அடைச்சுத்தான் இருப்பன்.

"கண்டியிலை எல்லாரும் சுகமோ?" எண்டு அவன் கேட்டான். நான் குரங்குக் கதையைத் துவங்கினன். கோச்சி முழுக்க அடுக்கின கதை, ரெண்டு வசனத்திலை முடிஞ்சு போச்சு. "அப்பிடியே?" எண்டு அவன் மரியாதையாய்ச் சிரிச்சான். அவள் சிரிக்கேல்லை, சேலைத் தலைப்பாலை முகத்தை மூடிக்கொண்டு படலைக்கு வெளியிலை போயிட்டாள். அண்டைக்குச் சோறு உப்பாய் இருந்ததோ, என்ரை கண்ணீர்தானோ, தெரியேல்லை.

அடுத்த ஆவணிக்கும் தம்பி வந்தான், ரிக்கற்றும் எடுத்துக்கொண்டு. நான் மாட்டன் எண்டன்.

"ஏன் அண்ணை, ஒரு கிழமைதானே?"

"போறது கஷ்டமில்லையடா தம்பி" எண்டன். "திரும்பி வரவேணுமெல்லே."