ஹலோ அண்ணன் மூட மறந்த மைக்

ஹலோ அண்ணனுக்கு நன்றி சொல்வது லேசான காரியம் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னால் "டீ குடிக்கிறியா?" என்று பேச்சை மாற்றுவார். போனில் சொன்னால் சரியாகக் கேட்கவில்லை என்பார். கூட்டத்துக்கு நடுவே யாராவது இருமினால்கூட எந்த வரிசை என்று சொல்கிற காது அது. நானும் என் தம்பியும் பல வருடமாக இப்படித் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

மேடைகளுக்கு ஒலி அமைப்பது அவர் தொழில். ஒவ்வொரு மைக் முன்னாலும் நின்று "ஹலோ, ஹலோ" என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. கட்டிய மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறார். அவருடைய பேன்ட் பைகளில் ஒட்டும் டேப்பும் பேட்டரியும் பிதுங்கும், காசு மட்டும் இருக்காது. பெண் குழந்தைக்குத் தலை வாரிவிடுகிற பொறுமையோடு கேபிள் சுற்றுவார். அதை யாராவது மிதித்துவிட்டால் அந்தப் பொறுமை எங்கே போகுமோ தெரியாது. "உன் கழுத்துல ஒருத்தன் ஏறி நின்னா உனக்கு எப்படிடா இருக்கும்?" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார்.

எங்களுடையது நான்கு பேர் கொண்ட ராக் குழு. நான் டிரம்ஸ். என் தம்பி பாடுவான். கிடாருக்கு ஒருவன், பேஸ் கிடாருக்கு ஒருவன். டயர் கடைக்குப் பின்னால் ஒரு அறையில், ரப்பர் நாற்றத்தில்தான் பழகினோம். ஜன்னலை முட்டை அட்டையால் அடைத்தும் டயர் கடைக்காரர் தினமும் வந்து கதவை உதைப்பார். ஆனாலும் நன்றாக வாசித்தோம். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் நிஜமாகவே நன்றாக வாசித்தோம்.

அப்போதுதான் மேனேஜர் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், யாரைப் பார்த்தாலும் தோளில் கை. "நீங்க வாசிச்சா போதும், மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். மற்றதை நன்றாகவே பார்த்துக்கொண்டார். குழுவின் பெயரைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டார். பாட்டுகளையும் அப்படியே. நாங்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டோம். படித்திருந்தாலும் புரிந்திருக்காது, அது வேறு விஷயம்.

பிறகு வெளியூர் போனால் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கார் என்று ஆனது. பெரிய குழுக்கள் எல்லாம் அப்படித்தான் என்றார். நாங்களும் தலைகால் புரியாமல் ஆடினோம். டயர் கடையிலிருந்து வந்தவர்களுக்குத் தனி அறை கொடுத்தால், அது மரியாதை என்றுதானே தோன்றும்? பிரித்துவைக்கிறார்கள் என்று யாருக்குத் தோன்றும்? "மனசுல ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லுங்க, உங்களுக்குள்ள பேசிக்காதீங்க, சண்டை வரும்" என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். "சொல்லவே கஷ்டமா இருக்கும்மா. உன் தம்பிக்கு வேற டிரம்மர் வேணுமாம். அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிக்கிறான். நீயா ஒதுங்கிட்டா உனக்கும் மரியாதை."

அவன் முதல் பாட்டைப் பாடும்போது அலுமினியப் பாத்திரத்தில் தாளம் போட்டவள் நான். கேட்டிருக்கலாம், பக்கத்து அறைதான். ரோஷம் விடவில்லை. அன்றிலிருந்து மேடையில் அவன் முதுகைப் பார்த்து வாசித்தேன், இறங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை. சாப்பிடும்போதுகூட வேறு வேறு மேஜை. இந்த வருடம் முடிந்ததும் விலகிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். குழு போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. தம்பி போனால் போகட்டும் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

இங்கே ஒலி வேலை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேடை மைக்கில் பேசுவது இரண்டு வழியாகப் போகும். ஒன்று, அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கருக்கு. இன்னொன்று, வாசிப்பவர்கள் காதுக்குள் மாட்டியிருக்கும் குட்டி இயர்போனுக்கு. பெரிய ஸ்பீக்கரை அணைத்தாலும் இரண்டாவது வழி திறந்தே இருக்கலாம். அதனால் ஹலோ அண்ணன் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற தன் பலகையை விட்டு எழுந்தால் இரண்டையும் மூடிவிட்டுத்தான் எழுவார். தண்ணீர் குடிக்கப் போனாலும் அப்படித்தான்.

அன்றைக்கு நிகழ்ச்சிக்கு முன்னால் ஒலிச் சோதனை பாதியில் இருந்தது. அண்ணனுக்கு வீட்டிலிருந்து போன். வெகுகாலம் காத்திருந்து பிறந்த மகளுக்கு முதல் பல் முளைத்துவிட்டதாம். மனிதர் பெரிய ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிட்டு, போனோடு வாசலுக்கு ஓடிவிட்டார். நாங்கள் மூன்று பேர் மேடைக்குப் பின்னால், இயர்போனைக் கழற்றாமல், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். இயர்போனைக் கழற்றியிருந்த என் தம்பியை மேனேஜர் தனியாக மேடையின் முன்பக்கம் அழைத்துப் போய், அவனுடைய மைக்குக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் பேச ஆரம்பித்தார். அரங்கம் அமைதியாக இருந்ததால் மைக்கும் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துவிட்டார்.

எங்கள் காதுக்குள் அவர் குரல் தேனாகப் பாய்ந்தது.

"உன் அக்கா நேத்து என்கிட்ட வந்து அழுதாப்பா. இவன் குரல் போச்சு, இவனை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுறதுன்னு கேக்குறா. மத்த ரெண்டு பேரும் அவ பக்கம்தான். நீ தனியா வந்துடு. நான் இருக்கேன்."

கிடார்காரன் எழுந்தே விட்டான். நான் அசையவில்லை, தம்பி என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"அக்கா அப்படிச் சொன்னாளா?" என்றான். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். என் பாட்டை முதல்ல கேட்டவளே அவதான். நான் பாடுறதை நிறுத்திடறேன். தனியால்லாம் வர முடியாது."

நான் மேடைக்கு ஓடியது நினைவிருக்கிறது. கேபிள்களை மிதித்துக்கொண்டேதான் ஓடினேன். "பொய்டா! நான் அப்படிச் சொல்லவே இல்லடா!" என்று கத்தியதும், அவன் குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கியதும் நினைவிருக்கிறது. "நீதானே என்னை வேணாம்னு சொன்ன?" என்று நான் கேட்க, "யாருடி சொன்னது?" என்று அவன் கேட்க, இரண்டு பேரும் சேர்ந்து மேனேஜரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் பின்னாலிருந்து மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். அவர்களிடமும் ஆளுக்கொரு கதை அளந்திருந்தார். நான்கு பேர் தலையிலும் தனித்தனியாக மிளகாய் அரைத்திருக்கிறார்.

பல் செய்தி கேட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்த ஹலோ அண்ணன், பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழு பிழைக்கவில்லை. மேனேஜரைவிட்டு வந்தோம். பெயரும் பாட்டும் அவரிடமே தங்கிவிட்டன. எங்கள் பெயரிலேயே வேறு நான்கு பேரை மேடையேற்றினார். நல்ல பிள்ளைகள், திறமைசாலிகள், டிரம்ஸ் மட்டும் சுமார். அவர்களையும் அதே மாதிரி பிரித்து மேய்ந்து, கடைசியில் நடுத்தெருவில் விட்டார். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அவர்களுக்கு ஒரு மைக்கும் திறந்திருக்கவில்லை.

இப்போது நான் கார் பட்டறையில் வேலை செய்கிறேன். தம்பி பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. என் வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் இருக்கும், வந்து என் ஃப்ரிட்ஜைக் காலி செய்துவிட்டுப் போவான். மாதம் ஒருமுறை நாங்கள் நான்கு பேரும் ஒரு சின்ன அரங்கில் வாசிக்கிறோம், குழுவுக்குப் பெயர் வைக்காமலே. ஒலி, ஹலோ அண்ணன்தான்.

அவர் ஏன் நன்றியை வாங்க மாட்டேன் என்கிறார் என்பது போன மாதம்தான் தெரிந்தது. அவர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அண்ணி சொன்னார். "அன்னைக்கு வந்து சாப்பிடவே இல்லம்மா. என் தொழில்ல ஒரே ஒரு தப்பு பண்ணேன், ஒரு நல்ல குழுவே உடைஞ்சிடுச்சுன்னு இன்னைக்கும் சொல்லிட்டு இருக்காரு. அந்த மைக்கை மூடியிருந்தா இந்தப் பிள்ளைங்க பெரிய மேடையில இருப்பாங்களாம். நீங்க நன்றி சொன்னா அவருக்குக் குத்துது."

கேட்டதும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடம் நாங்கள் கொண்டாடியதை இந்த மனிதர் பாவம் போல் சுமந்திருக்கிறார். தம்பியிடம் சொன்னேன். "அவரு ஓட முடியாத இடத்துல வெச்சுச் சொல்லணும்க்கா" என்றான்.

நேற்று ஒலிச் சோதனை. அரங்க ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மைக்காகக் கேட்டுப் பார்ப்பது அண்ணன் வழக்கம். அப்போது அவர் நகரவே மாட்டார். தம்பியின் முறை வந்தது. "ஹலோ" சொல்வதற்குப் பதிலாக அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். காலி அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவர் ஹெட்ஃபோனிலும் எங்கள் இயர்போனிலும் மட்டும் கேட்டது.

"அண்ணே, அன்னைக்கு நீங்க இதை மூடியிருந்தா எனக்கு ஒருவேளை குழு இருந்திருக்கலாம். அக்கா இருந்திருக்க மாட்டா. எனக்கு அக்காதாண்ணே வேணும். ரொம்ப நன்றிண்ணே."

அண்ணனின் கை பலகை மேல் அப்படியே நின்றது. குனிந்த தலை நிமிரவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கழற்றவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எங்களோடு பேச வைத்திருக்கும் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"கேக்குதுப்பா" என்றார், கரகரத்த குரலில். "இன்னொரு தடவை சொல்லு."

தம்பி இன்னொரு தடவை சொன்னான்.