டேனியின் ஐந்து கேள்விகள்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் சேசம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் கடைசி எட்டு மாதம் டேனி என்கிற ஒருவன்மேல் வைத்த வஞ்சத்திலேயே கழிந்தது.

அவள் கணவர் இன்னாசிமுத்துவுக்கு மூட்டுவாதம். பொதுக் கக்கூஸுக்குக்கூட அவள்தான் தூக்கிப் போகவேண்டும். ஒரு டிரஸ்ட் ஆறு மாதம் விலை கூடிய ஊசி போட்டது. மூன்றாம் மாதமே அவர் தானாக எழுந்து நடந்தார். அவளும் விட்டுப்போன செம்பூர் சமையல் வேலைக்குத் திரும்பினாள்.

ஊசி அதன் விலைக்குத் தகுமா என்று கணக்கெடுக்க, போடுவதற்கு முன்பும் பின்பும் வந்தவன்தான் டேனி. டிரஸ்ட்டின் ஐரோலி ஆபீஸ்காரன், இவர்களைப் போலவே பூர்வீகம் தூத்துக்குடி. நடக்க முடியுதா, குளிக்க முடியுதா, வலி இருக்கா என்று ஐந்தே கேள்வி. வீடு தேடி வந்த ஊர்க்காரப் பிள்ளையிடம் யாராவது சீக்குப் புராணம் பாடுவார்களா? முதல் தடவை கட்டிலில் கிடந்தபடியும், அடுத்த தடவை எழுந்து நின்றும் இன்னாசிமுத்து ஒன்றையே சொன்னார்: "ஆண்டவர் கிருபையில நல்லாருக்கேன் தம்பி, ஒரு குறையுமில்ல."

சொன்னதைத்தான் எழுதவேண்டுமாம், டேனி எழுதினான். முன்பும் நலம், பின்பும் நலம், ஆகவே ஊசியால் பலன் பூஜ்யம். நிறுத்திவிட்டார்கள். அவர் மறுபடி படுத்தார். செம்பூர் வேலை போயிற்று.

நிறுத்தியபின் எப்படி இருக்கிறார் என்று கேட்க டேனி மறுபடி வந்தான். சேசம்மாள் டீ கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அஞ்சே நிமிஷம் ஆன்ட்டி."

"கேளு. மொதல்ல அவியளத் தூக்கு."

"நானா?"

"பின்ன ஒங்க டிரஸ்ட்டா வரும்? கக்கூஸுக்கு நேரமாச்சு."

"விடுட்டீ, வந்த பிள்ளைய..." என்று முனகினார் இன்னாசிமுத்து.

"நீங்க வாயத் தொறக்கப்படாது. தொறந்துதான் இந்தக் கெதி."

இஸ்திரி போட்ட சட்டையோடு டேனி அவரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றான். "ஏ யக்கா, மாப்பிள ஊர்கோலமா?" என்று பக்கத்து வீட்டு மாரீஸ்வரி சிரித்தாள். திரும்பி வந்தவனுக்கு இடுப்பு நிமிரவில்லை.

"இப்ப எழுதுல. நெதம் நாலு தடவ தூக்குத என் இடுப்புக்கு எத்தன மார்க்கு?"

"பேஷண்ட்டுக்கு மட்டும்தான் ஆன்ட்டி கேள்வி. தூக்குறவங்களுக்கு இதுல இடம் இல்ல."

"இல்லையா?" கேட்டுவிட்டு, திருப்தியாக வாசலுக்குப் போனாள்.

"ஏ மாரீஸ்வரி! இவன் லிஸ்ட்டுல படுத்துக்கெடக்க ஒம் மாமியாரும் உண்டும்லா? டீ கீ கொடுத்துராத. தூக்கச் சொல்லு!"

அந்தச் சந்தில் டேனிக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருந்தது.