மாப்பிள்ளை தேய்த்த கிளச்

காலை ஐந்தரை மணிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வண்டியை உதைத்தேன். நாமக்கல் முப்பத்திரண்டு மைல். அங்கிருந்து பரமத்தி வேலூர் பதின்மூன்று. வேலூரில் என் தங்கை மகனுக்கு அன்று காதுகுத்து, முகூர்த்தம் பதினொன்றரையோடு முடிகிறது. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார்த்தவேண்டும். கூடப்பிறந்த மாமன் நான் ஒருவன்தான். நேரத்துக்குப் போகாவிட்டால் பங்காளி முறையில் எவனையாவது மணையில் உட்காரவைத்துக் குத்திவிடுவார்கள். “பஸ்ஸில் வந்துவிடு அண்ணா” என்று தங்கை எழுதியிருந்தாள். சீமை மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போக எனக்கென்ன தலையெழுத்தா?

வண்டிக்கு வயது பத்து. இரண்டு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், ஒரே ஒரு நாள் அதை இரவல் வாங்கிப் போனார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். நினைவு தெரிந்த நாளாய் மாட்டுவண்டி ஓட்டுபவர். வண்டி திரும்பி வந்த மறுவாரமே கிளச் வழுக்கத் தொடங்கியது. வந்த ஆத்திரத்தில் ஒரு கார்டு போட்டேன்: ‘மாட்டுக் கயிற்றை இழுத்துப் பிடிப்பதுபோல் கிளச்சைப் பிடித்துக்கொண்டே ஓட்டினால் எந்த வண்டிதான் தாங்கும்?’ கார்டு என்றால் தபால்காரர் முதல் தெருவே படிக்கும். தெரிந்துதான் போட்டேன். பதில் வரவில்லை. காதுகுத்துக் கடிதத்திலும் தங்கை கையெழுத்து மட்டுமே இருந்தது.

ஆறேகாலுக்கு மல்லூர் மேடு. எஞ்சின் போடுகிற சத்தம் ஊரைக் கூட்டுகிறது, சக்கரமோ அசைய மாட்டேன் என்கிறது. கருகல் வாடை வேறு. சந்தைக்குப் போகும் கட்டைவண்டி ஒன்று என்னை முந்தியது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, “ஏனுங்க, கவுறு கட்டி இழுக்கோணுங்களா?” என்றார். வேண்டாம் என்றேன். மாப்பிள்ளையை மனத்துக்குள் திட்டிக்கொண்டே ஆண்டகளூர் கேட்டையும் புதுச்சத்திரத்தையும் கடந்தேன். நாமக்கல் பாறை கண்ணுக்குத் தெரிந்தபோது வண்டி நின்றேவிட்டது. அரை மைல் தள்ளினேன்.

எட்டு மணிக்கு, பாறையடியில் இருந்த பஸ் ஷெட். மெக்கானிக் பெயர் கந்தசாமி. கிளச்சைக் கெடுத்தவர் யார் என்பதை, கார்டு வாசகத்தோடு சேர்த்து அவருக்கு ஒப்பித்தேன். அவர் மூடியைக் கழற்றிப் பிளேட்டுகளை வெளியே எடுத்தார். பிளேட்டுத் துளைகளில் பதித்திருந்த கார்க்குகள் கருகி, இரும்பு மட்டத்துக்குத் தேய்ந்து கிடந்தன.

“புதுப் பிளேட்டு சீமையிலிருந்து வரோணுமுங்க. மூணு மாசமாவும்.”

“முகூர்த்தம் பதினொன்றரைக்கு!” என்று கத்தினேன்.

“கத்துனா கார்க்கு மொளைக்குமுங்களா?” என்று கேட்டுவிட்டு ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். அத்தனையும் மருந்துப் புட்டிக் கார்க்குகள். “சீமைச் சாராயக் கடைய மூடுன பொறவு கார்க்குக்கு எங்களுக்கு ஆசுபத்திரிதான் கெதிங்க.”

நாற்பது கார்க்குகளை அளவாக அறுத்து, வெந்நீரில் போட்டு, மிருதுவானதும் ஒவ்வொன்றாகத் துளையில் அழுத்தினார். பிறகு தட்டையான கல்லில் பிளேட்டைத் தேய்த்து மட்டம் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாயிருந்தது.

பத்தேகாலுக்குப் பிளேட்டுகளை மாட்டி மூடியைப் பூட்டி, “ஷெட்டச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க” என்றார். போட்டேன்.

“அப்பிடியே இருங்க. உங்க எடது கையப் பாருங்க.”

பார்த்தேன். இரண்டு விரல்கள் கிளச் பிடியை லேசாக இழுத்தபடி இருந்தன. பிடியில் அந்த இரண்டு விரல் படும் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

“ஒரு நாள்ல இது தேயாதுங்க. மாடு ஓட்டத் தெரிஞ்சவன் கவுத்தத் தொங்கலாத்தான் உடுவான். பயந்தவன்தானுங்க இழுத்தே புடிச்சிருப்பான்.”

கூலி இரண்டேகால் ரூபாயைக் கொடுத்துவிட்டு, ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் கிளம்பினேன். கிளச் போடச் சொன்னேனே தவிர எனக்குப் புத்தி சொல்லச் சொன்னேனா?

வேலூருக்குள் நுழையும்போது மணி பதினொன்று பத்து. பந்தலில் சித்தப்பா மகன் குழந்தையை மடியில் வைத்து மணையில் உட்கார்ந்திருந்தான். ஆசாரி கம்பியை எடுத்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை நின்றார். “பொறுங்க. மச்சான் வந்துருவாரு. இன்னும் நேரமிருக்குதுங்க.”

தங்கை என் சட்டைக் கரியைப் பார்த்தாள். சித்தப்பா மகன் எழுந்து இடம் விட்டான். குழந்தை என் மடிக்கு வந்தது. குத்தியதும் என் சட்டையிலேயே முகம் புதைத்து அழுதது. கார்டைப் பற்றி மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு பேசித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

மூன்று மணிக்குப் புறப்பட்டேன். மாப்பிள்ளைக்கும் நாமக்கல்லில் வேலை இருந்தது. “நீங்களே ஓட்டுங்கள்” என்று வண்டியைக் கொடுத்துப் பின்னால் உட்கார்ந்தேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, கையும் களவுமாகப் பிடிக்கத்தான். கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் ஓடி மறைந்தன. நான் அவருடைய இடது கையை மட்டுமே பார்த்தேன். வெற்றிலை வண்டிகள் எதிரே வந்தன, ஆட்டு மந்தை குறுக்கே போனது. தேவைப்பட்டபோது பிடித்தார், உடனே விட்டார். பதின்மூன்று மைலில் ஒருமுறைகூட அந்தக் கை பிடியில் தங்கவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இந்த முறை யார்மேல் என்று தெரிந்திருந்தது.

பாறை தெரிந்தபோது, “மாப்பிள்ளை, கிளச்சைத் தேய்த்தது நான்தான்” என்றேன்.

“காத்துல கேக்கலீங்க மச்சான்.”

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லையாம். பஸ் ஷெட் வாசலில் வண்டியை மெதுவாக்கினார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கந்தசாமியும், பஸ்ஸுக்கு நின்ற இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை எஞ்சினை நிறுத்தினார். “இப்பக் கேட்டுதுங்க” என்றார்.

முதல் தடவையே கேட்டிருக்கும். தெருவே படிக்கக் கார்டு போட்டவனுக்கு அது தெரியாதா?